முழுமைத்தொகுதியும் மாதிரியும்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

புள்ளியியலை முதல் முறையாகப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பி.காம், உளவியல், நர்சிங், பி.எட் என்று வெவ்வேறு படிப்பிலிருந்து வருகிறார்கள், ஆனால் சந்தேகங்கள் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள், பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் போகும்.

பாப்புலேஷன்னா மக்கள்தொகைதானே? அப்புறம் ஏன் புத்தகத்துல பல்பு, நெல்லு, மாத்திரைன்னு வருது?

பெயர் வந்தது மக்கள்தொகையிலிருந்துதான், ஆனால் பொருள் விரிந்துவிட்டது. எதைப் பற்றி நீங்கள் ஒரு முடிவு சொல்லப் போகிறீர்களோ, அதன் மொத்தமும் சேர்ந்ததுதான் பாப்புலேஷன். அதனால்தான் தமிழ்ப் பாடநூல் இதை 'முழுமைத்தொகுதி' என்கிறது. ஆங்கிலச் சொல்லைவிட இந்தச் சொல் தெளிவாக இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு தொழிற்சாலையில் நேற்று இரவு ஷிப்டில் செய்த எல்லா பல்புகளும் ஒரு முழுமைத்தொகுதி. தஞ்சாவூர் மாவட்டத்தில் இந்தக் குறுவைக்கு நடவு செய்த எல்லா வயல்களும் ஒரு முழுமைத்தொகுதி.

முழுமைத்தொகுதியைத் தீர்மானிப்பது நீங்கள்தான், அது தானாக அமைந்து கிடக்காது. 'கல்லூரி மாணவர்களின் தூக்க நேரம்' என்று தலைப்பு வைத்தால் எந்தக் கல்லூரி, எந்த வருடம், விடுதியில் இருப்பவர்களா, வீட்டிலிருந்து வருபவர்களா என்று உடனே கேள்வி வரும். பதிலை முதலிலேயே ஒரு வரியில் எழுதி வைத்துவிடுங்கள். பிராஜெக்ட்டில் பாதிக் குழப்பம் இந்த ஒரு வரியை எழுதாததால் வருகிறது.

சாம்பிள், மாதிரி, கூறு... மூணும் ஒண்ணுதானா?

ஒன்றுதான். பாடநூலில் 'கூறு', 'கூறெடுத்தல்' என்று பார்ப்பீர்கள், செய்தித்தாளில் 'மாதிரி' என்று வரும், பேச்சில் சாம்பிள். இங்கே நான் மாதிரி என்றே எழுதுகிறேன். முழுமைத்தொகுதியிலிருந்து உண்மையில் எடுத்துப் பார்த்த பகுதி, அவ்வளவுதான்.

எல்லாரையும் கேட்டுட்டா பிரச்சினையே இல்லையே சார், எதுக்கு மாதிரி?

சில இடத்தில் எல்லாவற்றையும் பார்க்கவே முடியாது. சிவகாசியில் செய்த வெடி ஒழுங்காக வெடிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கொளுத்திப் பார்த்தால் விற்க ஒன்றும் மிஞ்சாது. ரத்தப் பரிசோதனைக்கு உடம்பில் இருக்கும் 5 லிட்டரையும் எடுக்க முடியாது, சில மில்லிலிட்டர் போதும் என்று நம்பித்தான் கையை நீட்டுகிறோம்.

பார்க்க முடிகிற இடத்திலும், எல்லோரையும் கேட்டால் பிழையே இருக்காது என்பது சரியில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 121 கோடிப் பேர் என்று வந்தது. அது முடிந்த பிறகு விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று தனியாக ஓர் ஆய்வு செய்தார்கள். 1000 பேருக்கு 23 பேர் விடுபட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது, நாடு முழுவதற்கும் கணக்குப் போட்டால் இரண்டே முக்கால் கோடிக்குப் பக்கம். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அந்தப் பிழையைக் கண்டுபிடித்த ஆய்வு ஒரு மாதிரி ஆய்வு. லட்சக்கணக்கான பேரை வீடு வீடாக அனுப்பிச் செய்யும் வேலையில் ஒவ்வொருவரையும் நன்றாகப் பயிற்றுவிக்க முடியாது, மேற்பார்வையும் கடினம். சில ஆயிரம் இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்தக் கவனத்தைக் கொடுக்க முடிகிறது.

பாராமீட்டர், ஸ்டாட்டிஸ்டிக் ரெண்டும் சராசரிதானே, எதுக்கு ரெண்டு பேரு?

முழுமைத்தொகுதியின் சராசரி ஒரே ஓர் எண். அது மாறாது, ஆனால் நமக்குத் தெரியாது. அதுதான் பாராமீட்டர், தமிழில் பண்பளவை. மாதிரியின் சராசரி நமக்குத் தெரியும், ஆனால் வேறு மாதிரி எடுத்தால் வேறு எண் வரும். அதுதான் ஸ்டாட்டிஸ்டிக், கூறு பண்பளவை. சராசரி மட்டுமில்லை, விகிதம், திட்டவிலக்கம் (ஸ்டாண்டர்டு டீவியேஷன், பின்னால் வரும்) எல்லாவற்றுக்கும் இப்படி இரண்டு உண்டு. மியூ, சிக்மா என்று கிரேக்க எழுத்து வந்தால் முழுமைத்தொகுதி, எக்ஸ்-பார், எஸ் என்று வந்தால் மாதிரி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாறாத ஆனால் தெரியாத எண், தெரிந்த ஆனால் மாறுகிற எண். இந்தப் பாடம் முழுக்க, இரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு முதலாவதைப் பற்றி எவ்வளவு தைரியமாகப் பேசலாம் என்பதுதான்.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்றாங்களே, அப்ப ஒரே ஒரு ஆளைக் கேட்டா போதாதா?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் பழமொழி சரிதான், ஆனால் அது சரியாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பானையில் இருப்பது ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நேரத்தில் உலையில் போட்டது, கொதியில் மேலும் கீழும் புரண்டுகொண்டே இருப்பது. ஒரு பருக்கைக்கும் இன்னொரு பருக்கைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, அதனால் ஒன்று போதும். அதிலும் சமைத்துப் பழகியவர்கள் மேலே மிதக்கிற பருக்கையை நசுக்கிப் பார்ப்பதில்லை. அகப்பையால் ஒரு கிளறு கிளறிவிட்டு, நடுவிலிருந்து எடுப்பார்கள். கிளறவில்லை என்றால் அடி பிடித்துக்கொண்டிருக்கும்போது மேலே அரிசி அரிசியாக இருக்கலாம். ரத்தத்தை இதயமே ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கிறது, அதனால் எந்தக் கையில் ஊசி போட்டாலும் பரவாயில்லை.

இப்போது அரிசி மண்டிக்குப் போங்கள். அங்கே மூட்டைக்குள் எதுவும் புரளுவதில்லை. மேலே நல்ல அரிசியும் உள்ளே நொய்யுமாக இருக்கலாம். அதனால்தான் வாங்குபவர் குத்தூசியை எடுத்து ஒரு மூட்டையில் மேலே, இன்னொன்றில் அடியில், அடுக்கின் உள்ளே இருக்கும் மூட்டையில் ஒன்று என்று குத்திப் பார்க்கிறார். மூட்டை அவிழ்த்து மேலாகக் காட்டியதை மட்டும் பார்த்து விலை பேசுகிறவர் ஏமாந்து போவார்.

மனிதர்கள் பானையைவிட மூட்டையைப் போன்றவர்கள். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே மாதிரி, ஒரே வேலையில் இருப்பவர்கள் ஒரே மாதிரி, ஊர் மாறினால் எல்லாம் மாறுகிறது. ஆகவே இரண்டு விஷயம் தேவை. வேறுபாடு அதிகமாக இருந்தால் அதிகம் பேரைப் பார்க்க வேண்டும், அதற்கும் முன்னால் நன்றாகக் கிளறியிருக்க வேண்டும். கிளறுவது என்பதற்குப் புள்ளியியலில் பெயர்தான் ரேண்டம், சமவாய்ப்பு.

ரேண்டம்னா கண்ணுல படுறவங்களை எல்லாம் கேக்குறதுதானே?

இல்லை. இந்த ஒரு தவறான எண்ணத்தை மட்டும் மாற்றிவிட்டால் எனக்குப் போதும் என்று தோன்றுகிற அளவுக்கு இதைக் கேட்டிருக்கிறேன். பேருந்து நிலையத்தில் நின்று கண்ணில் பட்டவர்களைக் கேட்டால், அவசரமாகப் போகிறவர்கள் விடுபடுவார்கள், சிடுசிடுப்பாக இருப்பவர்களிடம் நாமே போகமாட்டோம், நம் வயதுப் பிள்ளைகளிடம் கூச்சமில்லாமல் போவோம். பேருந்தில் ஏறாதவர்கள் மொத்தமாக விடுபடுவார்கள். தேர்ந்தெடுத்தது நம் கண்ணும் கூச்சமும். சமவாய்ப்பு என்றால், முழுமைத்தொகுதியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், தேர்ந்தெடுப்பது மனித விருப்பமாக இருக்கக்கூடாது, சீட்டாகவோ சமவாய்ப்பு எண்ணாகவோ இருக்க வேண்டும். எளிய சமவாய்ப்பு முறையில் அந்த வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே அளவு.

உத்திரமேரூர்க் கல்வெட்டு நமக்குத் தெரிந்ததுதானே. முதலாம் பராந்தக சோழன் காலம், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். ஊர்ச்சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்க, ஊரை 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். குலுக்குவதும், ஓலையில் என்ன இருக்கிறது என்று புரியாத பிள்ளையை எடுக்கச் சொல்வதும் இன்றைய சமவாய்ப்பு முறை செய்கிற அதே வேலை, எடுப்பவரின் விருப்பம் உள்ளே வராமல் தடுப்பது. ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போகிறது என்பதையும் பாருங்கள். நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும், வயது 35 முதல் 70 வரை. குலுக்கல் நேர்மையாக இருந்தாலும், குடத்தில் ஓலையே போடப்படாதவருக்கு வாய்ப்பு சுழியம்.

பேர்ப்பட்டியல் இல்லாட்டி எப்படி குலுக்கறது? ஊர் முழுக்க ஓலை எழுத முடியுமா?

மேலே சொன்ன குடத்துக்குள் இருக்கும் ஓலைகள்தான் மாதிரிச் சட்டகம். யாரிலிருந்து எடுக்கிறோமோ அவர்களின் பட்டியல். வாக்காளர் பட்டியல், பள்ளி வருகைப் பதிவேடு, ரேஷன் அட்டைப் பட்டியல் எல்லாம் சட்டகமாகலாம். ஒவ்வொன்றிலும் சிலர் விடுபட்டிருப்பார்கள். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு திருப்பூரில் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்தால் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்பவர்கள் பெரும்பாலும் சிக்கமாட்டார்கள்.

பட்டியலே இல்லை என்றால் படிப்படியாகப் போகலாம். 1950-இல் தொடங்கிய தேசிய மாதிரி ஆய்வு செய்வது இதைத்தான். ஊர்களின் பட்டியல் இருக்கிறது, அதிலிருந்து சில ஊர்களைச் சமவாய்ப்பாக எடுப்பார்கள். பிறகு அந்த ஊர்களுக்குப் போய் அங்கே மட்டும் வீடுகளைப் பட்டியலிடுவார்கள், அந்தப் பட்டியலிலிருந்து சில வீடுகள். நாடு முழுவதற்கும் வீட்டுப் பட்டியல் தேவையில்லை. இதற்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் பி.சி.மகலனோபிஸ், 1931-இல் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர். அவர் பெரிய அளவில் முதலில் செய்து பார்த்தது வங்காளத்தில் சணல் எவ்வளவு பரப்பில் பயிராகிறது என்பதை.

7 கோடிப் பேருக்கு 1000 பேர் எப்படி சார் போதும்? 10 சதவீதம் எடுக்கணும்னு சொல்லியிருக்காங்களே?

10 சதவீத விதியை மறந்துவிடுங்கள், அதற்கு அடிப்படை கிடையாது. 50 பேர் இருக்கும் வகுப்பில் 10 சதவீதம் 5 பேர், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர், அதில் 10 சதவீதம் 72 லட்சம், யாராலும் செய்ய முடியாது, தேவையும் இல்லை.

பிழை எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது மாதிரியில் எத்தனை பேர் என்பதுதான், முழுமைத்தொகுதியில் எத்தனை பேர் என்பது பெரிதாகப் பொருட்டில்லை. சமவாய்ப்பாக எடுத்த 1000 பேரில் பாதிப் பேர் 'ஆம்' என்றால், 95 சதவீத நம்பிக்கையில் பிழை வரம்பு ஏறத்தாழ 3 சதவீதம் கூட அல்லது குறைய. அதாவது இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால் ஏறத்தாழ 95 முறை, உண்மை எண்ணுக்கு 3 சதவீதத்துக்குள் வந்துவிடுவோம். அது தமிழ்நாட்டுக்கும் அதேதான், இந்தியா முழுவதற்கும் அதேதான். பானைக் கணக்குதான் மறுபடியும். வீட்டுப் பானையோ கல்யாணப் பந்தியின் அண்டாவோ, நன்றாகக் கிளறியிருந்தால் ருசி பார்க்க ஒரே அளவு கரண்டி போதும். அண்டா பெரிது என்பதற்காக வாளி வாளியாகக் குடித்துப் பார்ப்பதில்லை.

இன்னொன்று. பிழையைப் பாதியாக்க மாதிரியை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும், ஏனென்றால் பிழை, மாதிரியில் இருப்பவர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது. 250 பேருக்கு 6 சதவீதத்துக்குச் சற்று மேல், 1000 பேருக்கு 3 சதவீதம், 4000 பேருக்கு ஒன்றரை சதவீதம். அதனால்தான் பல கருத்துக்கணிப்புகள் ஆயிரம், இரண்டாயிரத்தோடு நின்றுவிடுகின்றன, அதற்கு மேல் செலவு ஏறும் வேகத்துக்குப் பலன் ஏறுவதில்லை. ஆனால் மாவட்ட வாரியாகச் சொல்ல வேண்டும் என்றால் கதை வேறு. 1000 பேரை 38 மாவட்டத்துக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு 26 பேர்தான் வருவார்கள்.

அப்ப மாதிரி ரொம்பப் பெருசா இருந்தா தப்பே வராது, சரிதானே?

இல்லை, இதற்கு 1936 அமெரிக்க அதிபர் தேர்தலைவிட நல்ல பதில் கிடையாது. லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. சுமார் 24 லட்சம் பேர் நிரப்பித் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முந்தைய தேர்தல்களில் சரியாகச் சொன்ன பத்திரிகை வேறு. எதிர்த்துப் போட்டியிட்ட லாண்டன் 57 சதவீதம் வாங்கி ஜெயிப்பார், அப்போது அதிபராக இருந்த ரூஸ்வெல்ட்டுக்கு 43 என்று எழுதினார்கள். ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்ற கருத்துக்கணிப்பாளர் சுமார் 50,000 பேரை வைத்துக்கொண்டு ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சரியாகச் சொன்னார்.

என்ன நடந்தது? பத்திரிகை முகவரி எடுத்தது தொலைபேசிப் புத்தகம், கார் பதிவுப் பட்டியல் போன்றவற்றிலிருந்து. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள், அவர்களில் ரூஸ்வெல்ட்டைப் பிடிக்காதவர்கள் அதிகம். இது சட்டகத்தில் வந்த கோளாறு. அதோடு, கோடிப் பேரில் நாலில் மூன்று பங்குக்கு மேல் பதிலே போடவில்லை. மாற்றம் வேண்டும் என்று கொதிப்போடு இருப்பவர் அட்டையை நிரப்பித் தபாலில் போடுகிறார், இருப்பதே போதும் என்பவர் ஓரமாக வைத்துவிடுகிறார்.

இதை இரண்டு வகைப் பிழையாகப் பிரித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தற்செயலாக வருவது, எண்ணிக்கை கூடக் கூடக் குறையும், முந்தைய பதிலில் சொன்ன 3 சதவீதம் இந்த வகை. இன்னொன்று ஒரு பக்கமாகவே இழுக்கும் சாய்வு. எண்ணிக்கை கூடினால் அது குறையாது. தராசின் ஒரு தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்தால் நூறு முறை நிறுத்தாலும் அதே தவறுதான் வரும். செய்தியில் 'பிழை வரம்பு 3 சதவீதம்' என்று போடும்போது அதில் இரண்டாவது வகை சேர்வதே இல்லை.

தேர்தல் கணிப்பு எல்லாம் தப்பாகுதே, அப்ப இந்த முறையே சரியில்லைன்னுதானே அர்த்தம்?

2024 மக்களவைத் தேர்தலை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. வாக்குப்பதிவுக்குப் பின் வந்த கணிப்புகளில் பெரும்பாலானவை தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350-க்கு மேல் கொடுத்தன, வந்தது 293. தவறுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இங்கே இரண்டு படி இருக்கிறது. மாதிரியால் நேராக மதிப்பிட முடிவது வாக்கு சதவீதத்தை. அதை 543 இடங்களாக மாற்றுவது தனி வேலை. இழுபறியான தொகுதிகள் நிறைய இருக்கும்போது இரண்டு சதவீத வாக்கு நகர்ந்தால் பல பத்து இடங்கள் கைமாறும்.

அதோடு, வாக்குச்சாவடி வாசலில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் உண்மையைச் சொல்ல எல்லோருக்கும் தைரியம் இருக்காது. சொல்ல மறுப்பவர்கள் ஒரு பக்கத்தில் அதிகமாக இருந்தால் மேலே சொன்ன சாய்வு வந்துவிடும். ஆகவே கணிப்பைப் பார்த்ததும் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்பதோடு நின்றுவிடாமல் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எத்தனை பேர் பதில் சொல்ல மறுத்தார்கள் என்று கேளுங்கள். அதை வெளியிடாத கணிப்பை நான் நம்புவதில்லை.

அடுக்கு மாதிரி, கொத்து மாதிரி ரெண்டுலயும் குழுவாதான் பிரிக்கிறோம், என்ன வித்தியாசம்?

அடுக்கு முறையில் எல்லாக் குழுவிலிருந்தும் சிலரை எடுப்போம். கொத்து முறையில் சில குழுக்களை மட்டும் எடுத்து அதில் உள்ள எல்லோரையும் பார்ப்போம். பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வில் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி, தனியார் பள்ளி என்று பிரித்து மூன்றிலிருந்தும் எடுத்தால் அடுக்கு. பத்துப் பள்ளிகளைக் குலுக்கி எடுத்து அந்தப் பத்திலும் எல்லாப் பிள்ளைகளையும் கேட்டால் கொத்து. அடுக்கு துல்லியத்தைக் கூட்டுவதற்கு, கொத்து அலைச்சலையும் செலவையும் குறைப்பதற்கு.

இதில் மாட்டிக்கொள்கிற இடம் ஒன்று உண்டு. பத்துப் பள்ளியில் நூறு நூறு பேராக 1000 பேரைக் கேட்டால் அது மாநிலம் முழுக்கச் சிதறி எடுத்த 1000 பேருக்குச் சமமில்லை. ஒரே பள்ளிப் பிள்ளைகள் பல விஷயங்களில் ஒன்றுபோல இருப்பார்கள், மூட்டைக் கதை நினைவிருக்கிறதா, அதேதான். அதனால் கொத்து மாதிரிக்கு 3 சதவீதப் பிழை என்று எழுதினால் பிழையைக் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

எங்க வயல் மொத்தமா மூழ்கிப் போச்சு, ஆனா யாரோ ஒருத்தர் வயல்ல சின்னச் சதுரம் அறுத்துப் பார்த்துட்டு ஊருக்கே காப்பீடு இல்லைங்கறாங்க. இது என்ன மாதிரி?

விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் ஆத்திரத்தோடு கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். இது பயிர் அறுவடைப் பரிசோதனை. கிராமத்தின் சர்வே எண்களிலிருந்து சமவாய்ப்பாகச் சில வயல்களை எடுப்பார்கள். வயலின் தென்மேற்கு மூலையிலிருந்து, சமவாய்ப்பு எண் சொல்கிற அளவுக்கு நடந்து போய், நெல்லுக்குச் சாதாரணமாக 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு, அதை மட்டும் அறுத்து அடித்து எடை போடுவார்கள். 25 சதுர மீட்டரில் வந்ததை 400-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கான மகசூல். அதனால்தான் மூலையைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கக்கூடாது என்று அவ்வளவு கண்டிப்பு, எடையில் 100 கிராம் பிசகினால் ஹெக்டேருக்கு 40 கிலோ பிசகும்.

கட்டத்தின் அளவைப் பற்றியே 1940-களில் பெரிய விவாதம் நடந்திருக்கிறது. மகலனோபிஸ் பக்கம் சிறிய கட்டங்களைப் பயன்படுத்தினார்கள். இன்னொரு புள்ளியியலாளரான பி.வி.சுகாத்மே, கட்டம் சிறிதாக இருந்தால் மகசூல் கூடுதலாகத் தெரிகிறது என்று காட்டினார். காரணம் எளிது. ஓரத்தில் நிற்கும் தூர் உள்ளேயா வெளியேயா என்ற சந்தேகம் வந்தால் அறுப்பவர் கை தன்னையறியாமல் உள்ளே சேர்த்துக்கொள்ளும். ஒரு சதுர மீட்டர் கட்டத்துக்கு ஓரம் 4 மீட்டர். 25 சதுர மீட்டர் கட்டத்துக்கு 20 மீட்டர்தான், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 80 சென்டிமீட்டர். கட்டம் சிறிதாக ஆக ஓரத்தின் பங்கு ஏறுகிறது. முன்பு சொன்ன புளி இதுதான், ஆயிரம் கட்டம் அறுத்தாலும் போகாது.

இப்போது உங்கள் வயல். அந்தப் பரிசோதனை மதிப்பிடுவது கிராமத்தின் சராசரியை. அதற்கு அது நல்ல முறையாக இருக்கலாம், ஆனால் ஒரு தனி வயலில் என்ன ஆனது என்று அது சொல்லவே சொல்லாது, சொல்வதற்காக அமைக்கப்படவும் இல்லை. பள்ளத்தில் இருக்கும் பத்து வயல் மூழ்கி, மேட்டில் இருக்கும் நூறு வயல் தப்பித்திருந்தால் சராசரி நன்றாகத்தான் வரும். கணக்கு சரியாக இருந்துகொண்டே உங்களுக்கு அநியாயமாக முடியலாம். காப்பீட்டின் அலகை, அதாவது எந்தப் பரப்பின் சராசரியைப் பார்த்து இழப்பீடு தருவது என்பதை, எவ்வளவு சிறிதாக வைப்பது என்பது அரசு எடுக்கும் முடிவு, உங்கள் கோபம் போக வேண்டிய இடம் அது.

ஸ்டாண்டர்டு டீவியேஷன், ஸ்டாண்டர்டு எரர்... எப்பவும் குழம்பிடுது.

திட்டவிலக்கம் ஆளுக்கு ஆள் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்வது. திட்டப்பிழை மாதிரிக்கு மாதிரி சராசரி எவ்வளவு மாறும் என்று சொல்வது. ஒரு கல்லூரி மாணவிகளின் உயரத்துக்குத் திட்டவிலக்கம் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 36 பேர் மாதிரிக்குத் திட்டப்பிழை, 6-ஐ 36-இன் வர்க்கமூலமான 6-ஆல் வகுத்து 1 சென்டிமீட்டர். 144 பேர் எடுத்தால் அரை சென்டிமீட்டர். திட்டவிலக்கம் அதே 6-ஐ ஒட்டித்தான் இருக்கும், நீங்கள் நிறையப் பேரை அளந்தீர்கள் என்பதற்காக அவர்களின் உயர வித்தியாசம் குறைந்துவிடாது.

மாதிரிக்கு மட்டும் ஏன் எண்ணிக்கையில ஒண்ணைக் கழிச்சு வகுக்கணும்? யாருமே காரணம் சொல்ல மாட்டேங்குறாங்க.

திட்டவிலக்கம் கணக்கிடும்போது விலக்கத்தை நாம் மாதிரியின் சராசரியிலிருந்து அளக்கிறோம், உண்மையான சராசரி நமக்குத் தெரியாதே. மாதிரியின் சராசரி அந்த மாதிரிக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் அதிலிருந்து அளந்த விலக்கங்களின் வர்க்கக் கூட்டல், உண்மையான சராசரியிலிருந்து அளந்தால் வருவதைவிட ஒருபோதும் கூடாது, பெரும்பாலும் குறைவாகவே வரும். அந்தக் குறைவைச் சரிக்கட்டத்தான் கொஞ்சம் சிறிய எண்ணால் வகுக்கிறோம்.

நம்ப முடியவில்லை என்றால் கையால் போட்டுப் பாருங்கள். முழுமைத்தொகுதியில் மூன்றே எண்கள், 2, 4, 6. சராசரி 4, விலக்க வர்க்கங்கள் 4, 0, 4, அவற்றின் சராசரி 8-இல் மூன்றில் ஒன்று, அதாவது 2.67. இதிலிருந்து எடுத்ததைத் திரும்பப் போட்டு இரண்டிரண்டாக எடுத்தால் மொத்தம் 9 மாதிரிகள். ஒவ்வொன்றுக்கும் விலக்க வர்க்கக் கூட்டலைப் போட்டால் மூன்றில் 0, நான்கில் 2, இரண்டில் 8, மொத்தம் 24. மாதிரிக்குச் சராசரியாக 2.67. இதை 2-ஆல் வகுத்தால் 1.33, உண்மையான 2.67-இல் பாதிதான். ஒன்றைக் கழித்து 1-ஆல் வகுத்தால் 2.67, அப்படியே பொருந்துகிறது. ஒரு தாளில் பத்து நிமிட வேலை, செய்து பார்த்தவர்கள் அப்புறம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

30 பேருக்கு மேல இருந்தா மாதிரி சரியாயிடும்னு சொல்றாங்களே?

30 என்பது சராசரியின் பரவல் இயல்நிலைப் பரவலுக்கு, அதாவது மணி வடிவ வளைவுக்கு, ஓரளவு அருகில் வந்துவிடும் என்பதற்கான ஒரு கைக்கணக்கு, அவ்வளவுதான். உயரம் போன்ற அளவுக்கு 30-க்கும் குறைவாகவே போதும். வருமானம் போல, ஒரு கோடீஸ்வரர் உள்ளே வந்தாலே சராசரி எகிறிவிடுகிற விஷயத்துக்கு நூறுகூடப் போதாமல் போகலாம். அப்புறம், 30-க்குக் குறைவாக இருந்தால் குற்றமும் இல்லை. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட் சின்னச் சின்ன மாதிரிகளோடு போராடித்தான் 1908-இல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில், சிறிய மாதிரிகளுக்குப் பயன்படும் டி-பரவலை வெளியிட்டார். மாதிரி முழுமைத்தொகுதியைப் போல இருக்கிறதா என்பதற்கும் 30-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அது கிளறலைப் பொறுத்தது.

எங்க கிளாஸ்ல 60 பேரும் நிரப்பிட்டோம். இது பாப்புலேஷனா, சாம்பிளா?

நீங்கள் யாரைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டுமாகலாம், முதல் பதிலில் சொன்ன அந்த ஒரு வரிதான் தீர்மானிக்கும். 'எங்கள் வகுப்பில் 40 சதவீதம் பேர் காலையில் சாப்பிடாமல் வருகிறார்கள்' என்று எழுதினால் அது முழுமைத்தொகுதி. மாதிரிப் பிழை எதுவும் இல்லை, மாதிரியை வைத்து முழுமைத்தொகுதியைப் பற்றிச் சொல்லப் பயன்படும் டி-சோதனை தேவையில்லை, இருக்கும் எண்ணை அப்படியே சொல்லலாம். 'கல்லூரி மாணவர்களில் 40 சதவீதம் பேர்' என்று எழுதினால் உங்கள் வகுப்பு ஒரு மாதிரி, அதிலும் ஒரே ஒரு கொத்து, சமவாய்ப்பாக எடுக்கப்படாத கொத்து. பிள்ளைகள் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை எழுதுகிறார்கள், தேர்வாளர் கேட்பதும் அந்த இடத்தில்தான்.

பிராஜெக்ட்டுக்கு கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குரூப்ல போட்டு 96 பேர் நிரப்பிட்டாங்க. 'ரேண்டம் சாம்பிளிங்'னு எழுதிடலாமா?

எழுதாதீர்கள். அது வசதி மாதிரி, அதாவது கைக்கு எட்டியவர்களை எடுத்த மாதிரி, அப்படியே எழுதுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள், எத்தனை பேர் நிரப்பினார்கள் என்ற இரண்டு எண்ணையும் போடுங்கள். கல்லூரிப் பதிவேட்டில் ஆண், பெண், எந்த வருடம் என்ற விகிதம் கிடைக்கும். அதோடு உங்கள் 96 பேரின் விகிதத்தை ஒப்பிட்டு ஓர் அட்டவணை வையுங்கள், எங்கே சாய்ந்திருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரியட்டும். முடிவில் 'எல்லா மாணவர்களும்' என்று எழுதாமல் 'பதிலளித்தவர்களில்' என்று எழுதுங்கள்.

நாள் இருந்தால் இதைவிட நல்ல வழி இருக்கிறது. துறைப் பதிவேட்டில் 800 பேர் இருக்கிறார்கள் என்றால் 1 முதல் 800 வரை எண் போடுங்கள். கால்குலேட்டரில் ரேண்டம் பொத்தானை அழுத்தினால் 0.437 போல ஒரு தசம எண் வரும், 800-ஆல் பெருக்கினால் 349.6, அடுத்த முழு எண் 350, அவர்தான் முதல் ஆள். இப்படி 60 பேரை எடுத்து நேரில் போய்க் கேளுங்கள். வந்த எண்ணே மறுபடி வந்தால் விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். ஒருவர் மூன்று முறை போயும் கிடைக்கவில்லை என்றால் அவருக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவரைப் பிடித்து நிரப்பிவிடாதீர்கள், எப்போதும் வகுப்பில் இருப்பவரும் எப்போதும் காணாமல் போகிறவரும் ஒரே மாதிரி பதில் சொல்லமாட்டார்கள். 'தேர்வானவர்கள் 60, கிடைத்தவர்கள் 53' என்று இருப்பதை அப்படியே எழுதுங்கள்.